சாவியைக் கொடுக்கும் முன்

டர்பன், தென்னாப்பிரிக்கா,
நவம்பர் 12

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. தைப்பூசத்துக்குப் பேரனோடு வருகிறாய் என்று படித்ததிலிருந்து வீட்டில் அதே பேச்சுதான். காவடி பார்க்காமல் உன்னை அனுப்பமாட்டேன்.

கிங் ஷாகா விமான நிலையத்திலேயே வாடகைக் கார் எடுப்பதாக எழுதியிருக்கிறாய். சரி, எடு. ஆனால் ஆகஸ்டில் எங்களுக்கு நடந்ததைக் கேட்டுக்கொள்.

தங்கை குடும்பம் வந்திருந்தபோது டிராக்கென்ஸ்பெர்க் மலைப் பக்கம் போக ஏழு சீட் வண்டி ஒன்று எடுத்தோம். திரும்பி வரும்போது இரவு பத்தரை. கவுன்டரில் ஆள் இல்லை. சாவி போட அங்கே வைத்திருந்த பெட்டியில் போட்டுவிட்டு வந்துவிட்டோம். பதினோராம் நாள் என் கார்டிலிருந்து 6,840 ராண்ட் போயிருந்தது. முன் சக்கர ரிம்மில் உரசல் 4,200, கண்ணாடியில் கல் பட்டதற்கு 1,990, நிர்வாகக் கட்டணம் 650. ஒரு போன்கூட இல்லை.

கண்ணாடி எங்கள் கணக்குதான். சரளைச் சாலையில் முன்னே போன லாரி தெறிக்கவிட்ட கல் அது. டயரும் கண்ணாடியும் சாதாரண காப்பீட்டில் பெரும்பாலும் சேராது, கூடுதலாகக் கட்டினால்தான் உண்டு. ஆனால் ரிம்? வண்டி ஓட்டிய மைத்துனர், "நான்தான் எங்கேயாவது உரசிவிட்டேனோ" என்று மூன்று நாள் தூங்கவில்லை. எனக்கு இன்னும் ஆறாதது அதுதான்.

வண்டி எடுத்த அன்று கொடுத்த தாளை மகள் பத்திரமாக வைத்திருந்தாள். கார்பன் பிரதி, ஒரே மங்கல். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தபோது அதிலிருந்த கார் படத்தின் இடது முன் சக்கரத்தில் ஒரு சின்னப் பெருக்கல் குறி தெரிந்தது. உரசல் முன்பே இருந்தது என்று அவர்கள் ஆளே போட்டது! அதைப் படமெடுத்து அனுப்பி, பழுது பார்த்த ரசீதையும் தேதியுள்ள படங்களையும் கேட்டேன். இங்கே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2011 முதல் நடைமுறையில் இருக்கிறது. நம் தலையில் பொறுப்பை ஏற்றும் விதிகளை எளிய மொழியில், கண்ணில் படும்படி காட்ட வேண்டும் என்கிறது 49ஆம் பிரிவு. 20,000 ராண்ட் வரை வக்கீல் இல்லாமலே சிறு வழக்கு நீதிமன்றத்துக்குப் போகலாம். இரண்டையும் கடிதத்தில் எழுதினேன். ஐந்து வாரம் கழித்து ரிம் பணம் திரும்பியது. நிர்வாகக் கட்டணத்துக்கு இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன், விடப்போவதில்லை.

அப்புறம்தான் ஒப்பந்தத்தை முழுக்கப் படித்தேன். பெட்டியில் சாவி போட்டாலும், மறுநாள் ஆள் வந்து பார்க்கும்வரை வண்டிக்கு நாமே பொறுப்பாம். அதனால் நீ பகலிலேயே திருப்பிக் கொடு. எடுக்கும்போதும் கொடுக்கும்போதும் நாலு ரிம், கண்ணாடி, கூரை, பம்பரின் அடி, பெட்ரோல் முள் எல்லாவற்றையும் வீடியோ எடு. "புதுச் சேதம் இல்லை" என்று கையெழுத்து வாங்காமல் நகராதே. அவசரப்படுத்துவார்கள், படுத்தட்டும்.

விமான எண்ணை எழுது. வண்டி எடுக்கும்போது நானும் வந்து நிற்கிறேன். ஆச்சிக்கு என் வணக்கம் சொல்.

அன்புடன்,
முருகேசன்