அந்த நாலு கட்டத்துல சொசைட்டி செக்ரட்டரிக்கு எந்த இடம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல ஒரு பக்கம் முழுக்க நாலு கட்டம் போட்டு, இடது வலதுன்னு படுக்கையா ஒரு கோடு, மேல அதிகாரம் கீழ சுதந்திரம்னு நெட்டுக்க ஒரு கோடு, அதுல நம்ம தலைவருங்களை எல்லாம் புள்ளி புள்ளியா வெச்சிருந்தீங்க. இங்க தாராவில டீக்கடைல அந்தப் பக்கம் கை மாறி கை மாறி கிழிஞ்சே போச்சு, ராஜாஜியை எதுக்கு அங்க வெச்சாங்க பெரியாரை எதுக்கு நடுவுல தொங்க விட்டாங்கன்னு ஒரே சத்தம்.

படமே வேஸ்ட்னு நான் சொல்ல வரல. ஒத்தக் கோட்டுக்கு இது எவ்வளவோ தேவலாம். 1789-ல பிரான்ஸ் சபையில ராஜாவுக்கு வீட்டோ வேணும்னவங்க தலைவருக்கு வலது கைப் பக்கமும் வேணாம்னவங்க இடது கைப் பக்கமும் உக்காந்தாங்க, அங்க ஆரம்பிச்ச பழக்கத்தை வெச்சு இந்திரா காந்தியை எங்க நிறுத்துவீங்க சொல்லுங்க. 1969-ல 14 பேங்கை தேசியமயமாக்கினாங்க, 1971-ல மன்னர் மானியத்தை நிறுத்தினாங்க, சரி இடதுதான். அதே அம்மா 1975 ஜூன்ல எமர்ஜென்சி போட்டு எதிர்க்கட்சிக்காரங்களை உள்ள தள்ளி பத்திரிகைக்கெல்லாம் சென்சார் வெச்சு, அந்த எமர்ஜென்சிக்கு நடுவுலயே 1976-ல 42-வது திருத்தம் கொண்டு வந்து அரசியல் சட்ட முகப்புல சோஷலிஸ்ட்ங்கிறதையும் சேத்தாங்க. இடதும் உண்டு, கெடுபிடியும் உண்டு. இதைக் காட்ட ரெண்டாவது கோடு கண்டிப்பா வேணும்.

என் தகராறு எல்லாம் அந்த ரெண்டாவது கோட்டோடதான். அதிகாரம்னு மொட்டையா எழுதியிருக்கீங்களே, யாரோட அதிகாரம்?

அமெரிக்காவுல டேவிட் நோலன்னு ஒருத்தர், 1971-ல அங்க கவர்மென்ட் தலையீடு குறையணும்ங்கிற லிபர்டேரியன் கட்சியை ஆரம்பிச்சவங்கள்ல முக்கியமான ஆள், இந்த மாதிரிப் படம் போட்டதுல முன்னோடி. பணத்துல எவ்வளவு சுதந்திரம் சொந்த வாழ்க்கைல எவ்வளவு சுதந்திரம்னு ரெண்டு கோடு. அவர் கணக்குல ரெண்டையும் பறிக்கிற ஆள் கவர்மென்ட். அவர் ஊருக்கு அது சரியா இருக்கலாம். இப்ப நீ எந்தக் கட்டம்னு பாக்க போன்ல பசங்க எடுக்கிற டெஸ்ட்ல குடும்பம் ஒழுக்கம் பத்தியும் சில கேள்வி வருது, ஆனா அதெல்லாம் உன் கருத்து என்னன்னு கேக்குமே தவிர உன் கழுத்துல யார் கை இருக்குன்னு கேக்காது.

எங்க அக்கா பையனுக்கு முலுண்ட் பக்கம் வாடகைக்கு ஒரு வீடு பாத்தோம், நல்ல வேலை, டெபாசிட் ரெடி, 11 மாச லீவ் அண்ட் லைசென்ஸ் வாடகை ஒப்பந்தம் போட வீட்டுக்காரருக்கும் சம்மதம். புரோக்கர் முதல்ல கேட்டது சம்பளம் இல்ல, சர்நேம். இவன்கிட்ட ஏது சர்நேம், அப்பா பேரு முருகேசன், அதைத்தான் எழுதினான். முருகேசன்னா என்ன ஆளுங்கன்னு அடுத்த கேள்வி. அப்புறம் நான்வெஜ் சாப்பிடுவீங்களா, கல்யாணம் ஆச்சா. கடைசில அந்தக் கட்டடத்து வீட்டுக்காரங்க சேந்து நடத்துற சொசைட்டியோட கமிட்டி, ஆட்சேபணை இல்லைங்கிற என்.ஓ.சி. கடிதம் தர மாட்டேங்குதுன்னு போன்ல சொல்லிட்டு கட் பண்ணிட்டார். இதுல கவர்மென்ட் எங்க சார் வந்துச்சு? எந்த மந்திரியும் எங்க வீட்டு மீன் குழம்புல கை வைக்கல. ஆனா அந்தப் பையன் எங்க குடியிருக்கணும் என்ன திங்கணும்னு முடிவு பண்ற பவர் ஒரு செக்ரட்டரிகிட்ட இருக்கு, உங்க படத்துல அவருக்கு இடமே இல்ல.

1929 செங்கல்பட்டு மாநாட்டுல சுயமரியாதைக்காரங்க ஜாதிப் பட்டத்தை விட்டுடணும்னு தீர்மானம் போட்டதாலதான் நம்ம பசங்க பேருக்குப் பின்னால அந்த வால் இல்ல, இங்க ஃபார்ம்ல அந்தக் கட்டம் காலியா இருந்தா சந்தேகமா பாக்குறாங்க, அது தனிக் கூத்து. அதே மாநாடுதான் பொண்ணுங்களுக்கும் சொத்துல சம உரிமை வேணும்னு சொன்னது. பெரியார் பாதி வாழ்க்கை மல்லுக்கட்டினது வீட்டுக்குள்ளயும் தெருவுலயும் கோயில்லயும் இருக்கிற அதிகாரத்தோட. அவரை கவர்மென்ட்டுக்கு ஆதரவா எதிர்ப்பான்னு அளந்தா நடுவுலதான் தொங்குவார்.

இதை அம்பேத்கர் 1943-லயே புனேல பேசியிருக்கார், தனி மனுஷன் மேல கவர்மென்ட் பண்ற கொடுமையை விட சமூகம் பண்ற கொடுமை ரொம்பப் பெருசா இருக்க முடியும்னு. அதனாலதான் அரசியல் சட்டத்துல 17-வது பிரிவு தீண்டாமையை யார் கடைப்பிடிச்சாலும் குத்தம்னு சொல்லுது, கடை ஹோட்டல் கிணறு குளம் எதுலயும் ஜாதி மதம் பாத்து தடுக்கக் கூடாதுன்னு 15-வது பிரிவுல வருது. வாடகை வீடு அந்தப் பட்டியல்ல இல்லாமப் போச்சு, எங்க கெட்ட நேரம்.

இன்னும் சிக்கலான கேஸ் ஒண்ணு இருக்கு. 1949-ல பம்பாய் சட்டசபை, எந்த சமூகமும் தன் ஆளை ஒதுக்கி வெச்சா அது செல்லாதுன்னு சட்டம் போட்டுச்சு. முஸ்லிம்கள்ல ஒரு பிரிவான தாவூதி போராக்களோட மதத் தலைவர் எதுத்து கேஸ் போட்டு, 1962-ல சுப்ரீம் கோர்ட், மதப் பிரிவுக்கு தன் விவகாரத்தைத் தானே பாத்துக்கிற உரிமை இருக்குன்னு சொல்லி அந்தச் சட்டத்தை ரத்து பண்ணிடுச்சு. இப்ப அந்த 1949 சட்டத்துக்கு ஒரு புள்ளி வைங்க பாப்போம். கவர்மென்ட் தலையிடுதுன்னா மேல போகணும், ஒதுக்கி வெச்சவன் மூச்சு விடுறான்னா கீழ போகணும். 2005-ல அகமதாபாத் பார்சி ஹவுசிங் சொசைட்டி கேஸ்லயும் இதே கதை, சங்கம் வெச்சுக்கிற உரிமை இருக்கு, எங்க சமூகத்து ஆளை மட்டும் மெம்பரா சேப்போம்னு விதி வெச்சா செல்லும்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. சுதந்திரம்ங்கிற பேர்லயே கதவைச் சாத்தலாம்னு ஆகிப்போச்சு. அப்புறமும் மகாராஷ்டிரா சும்மா இருக்கல, ஜாதி பஞ்சாயத்து தள்ளி வைக்கிறதுக்கு எதிரா 2016-ல மறுபடி ஒரு சட்டம் கொண்டு வந்துச்சு. அதை மட்டும் நான் பாராட்டுவேன்.

ராஜாஜி விஷயத்துக்கு வரேன். வலது பக்கம் கீழ, சுதந்திர மூலைல வெச்சிருக்கீங்க. தொழில் பண்ண எதுக்கெடுத்தாலும் கவர்மென்ட் அனுமதி வேணும்ங்கிற லைசென்ஸ் பெர்மிட் ராஜ்ஜியத்தை எதுத்து 1959-ல சுதந்திரா கட்சி ஆரம்பிச்ச ராஜாஜிக்கு அது சரி. 1937-ல சேலத்துல மதுவிலக்கு கொண்டு வந்ததும், அடுத்த வருஷம் ஸ்கூல்ல இந்தியைக் கட்டாயமாக்கி எதுத்தவங்களை ஜெயிலுக்கு அனுப்பினதும் அதே ஆள்தானே. அவரே 1939-ல, கோயிலுக்குள்ள எல்லாரையும் விட்டவங்களுக்குப் பாதுகாப்பா சட்டம் கொண்டு வந்தார், 1953-ல பாதி நேரம் ஸ்கூல் மீதி நேரம் அப்பன் தொழில்னு சொல்லி குலக்கல்வின்னு பேரும் வாங்கினார். கோயில் சட்டத்துல பிறப்போட பிடியைத் தளர்த்தினார், பள்ளிக்கூடத்துல இறுக்கினார், உங்க கோட்டுல ரெண்டுமே தெரியாது.

அடுத்த தடவை கேள்வித்தாள் போட்டா இதையும் சேத்துக்கோங்க: சாப்பாட்டைக் காட்டி வீடு தர மறுக்க சொசைட்டிக்கு உரிமை உண்டா, ஜாதி பஞ்சாயத்து ஒருத்தனை ஒதுக்கினா போலீஸ் உள்ள வரலாமா, மேஜரான பொண்ணு யாரைக் கட்டிக்கணும்னு அப்பா சொல்றது அதிகாரமா பாசமா. இதுக்கு வர்ற பதில்ல உங்க வாசகருங்க பாதிப் பேர் கட்டம் மாறிடுவாங்க, நானும் சேத்துதான்.

அப்புறம் எங்க மும்பை ஆள் மினூ மசானியை விட்டுட்டீங்க. 1934-ல காங்கிரஸ் சோஷலிஸ்ட் கட்சியை ஆரம்பிச்சவங்கள்லயும் இருந்தார், 1959-ல சுதந்திரா கட்சியை ஆரம்பிச்சவங்கள்லயும் இருந்தார், அவருக்கு ரெண்டு புள்ளியா வெச்சிடுங்க.

இப்படிக்கு,
தாராவி வாசகர், மும்பை