உன் வரைவும் அந்த ஒன்பதாம் பக்க வரியும்

அன்பு நண்பா,

மூன்று மாதமாகக் கடிதம் போடாததற்குத் திட்டித் தீர்த்துக்கொள். எல்லோரும் நலம்.

பல்கலைக்கழகக் கணினிப் பயன்பாட்டுக்கு நீ எழுதிய விதிமுறை வரைவைப் படித்தேன். பதினோரு பக்கம்! அதில் ‘தவறாகப் பயன்படுத்தக் கூடாது’ மட்டும் பதினான்கு இடத்தில் வருகிறது. எது தவறு என்று ஓரிடத்திலாவது சொன்னாயா? எதையும் சிவப்பு மையால் திருத்தித் தள்ளும் நம் ரூட் அண்ணன் கையில் கிடைத்திருந்தால் பழைய சிவப்பு மை பாட்டில் காலியாகியிருக்கும்.

விடுதி மாணவன் யாரையும் கெடுக்க நினைப்பதில்லை. வைஃபை எட்டவில்லை என்று ரவுட்டர் வாங்கி, சுவரிலிருந்து வரும் கேபிளை வெளி இணைப்புக்கான வேன் (WAN) துளையில் செருகாமல் உள்வலைக்கான லேன் (LAN) துளையில் செருகுவான். உடனே அந்த ரவுட்டர் அக்கம்பக்கத்து அறைகளுக்கெல்லாம் 192.168 என்று தொடங்கும் தவறான இணைய முகவரிகளைக் கொடுக்க ஆரம்பிக்கும். மாடி முழுக்க இணையம் போச்சு. ‘சொந்த ரவுட்டர் கூடாது’ என்பதோடு இந்தக் காரணத்தையும் எழுது. நெட்வொர்க் சுவிட்சுகளில் டிஎச்சிபி ஸ்னூப்பிங்கை, அதாவது அனுமதியில்லாத கருவி முகவரி கொடுப்பதைத் தடுக்கும் வசதியை, போடச் சொல். விதியைப் படிக்காதவன் செருகினாலும் பாதிப்பு இருக்காது.

பெரிய கணக்கீடுகளுக்காகப் பல கணினிகளை இணைத்த கிளஸ்டரைப் பற்றி ஒரு வரி போதும்: எல்லோரும் நுழையும் லாகின் நோடில் கணக்கீட்டை ஓட்டாதே, வேலையை வரிசையில் சேர்க்கும் எஸ்பேட்ச் (sbatch) கட்டளையைக் கொடுத்துக் காத்திரு. கடவுச்சொல்லைப் பகிரக் கூடாது என்கிறாய், சரி. ஆனால் பேராசிரியர்கள் அதைக் கொடுப்பதே மதிப்பெண்களைக் கணினியில் பதிய ஆள் வேண்டும் என்பதால்தானே? உதவியாளருக்குத் தனிக் கணக்கும் அந்த ஒரு பாடத்துக்கு மட்டும் அனுமதியும் கொடுத்துவிடு.

என் தூக்கத்தைக் கெடுத்தது ஒன்பதாம் பக்கம். ‘ஆய்விதழ்களை மொத்தமாக இறக்கினால் சட்ட நடவடிக்கை.’ ஆய்வு மாணவி ஒருத்தி இலக்கிய மீளாய்வுக்காக நூலக ப்ராக்சி (எல்லோருக்கும் பொதுவான இடைக் கணினி) வழியே, கட்டுரைகளைத் தானாக இறக்கும் ஸ்கிரிப்ட் ஓட்டினால் பதிப்பகத்துக்கு அவள் தெரியமாட்டாள். ப்ராக்சியின் ஐபி முகவரிதான் தெரியும். அதை அடைத்தால் எல்லோருக்கும் கதவு சாத்தப்படும். 2010 அக்டோபரில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் முழுமைக்கும் ஜேஸ்டோர் என்ற ஆய்விதழ்க் களஞ்சியம் சில நாட்கள் கிடைக்காமல் போனது இப்படித்தான். இறக்கியவர் ஆரன் சுவார்ட்ஸ், அங்கு மாணவர்கூட அல்ல. அமெரிக்கக் கணினி மோசடிச் சட்டத்தின் கீழ் அவர்மேல் வழக்கு வந்தது. விசாரணைக்கு முன்பே, 2013 ஜனவரியில், 26 வயதில் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அதே சட்டத்தில் மாட்டிய ராபர்ட் மோரிஸ், 1988-ல் தானே பரவும் ‘புழு’ நிரலை இணையத்தில் ஏவியவர், மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் 400 மணி நேரச் சமூகப் பணியும் அபராதமுமாகத் தப்பினார்; பிற்பாடு எம்ஐடியிலேயே பேராசிரியர்!

அந்த வரியை நீ யோசித்து எழுதவில்லை, எங்கிருந்தோ ஒட்டியிருக்கிறாய். அழித்துவிட்டு வரிசையைச் சொல்: முதலில் அந்த ஒரு கணக்கை மட்டும் நிறுத்துவது, அன்றே நூலகர் அவளோடு பேசுவது, பதிப்பகத்திடம் தரவுச் சுரங்க (நிரல் வழியே மொத்தமாக ஆராயும்) அனுமதியோ, நிரல் நேராகத் தரவு எடுப்பதற்கான ஏபிஐ சாவியோ கேட்டு வாங்கித் தருவது. திரும்பவும் செய்தால் ஒழுங்குக் குழு. காவல் துறை அதற்கும் அப்பால்.

இன்னொன்று. மாணவரின் மின்னஞ்சலை யார் திறக்கலாம்? ‘நிர்வாகம்’ என்கிறாய். நிர்வாகம் என்றால் யார், இரவுப் பணியில் இருக்கும் பையனா? இரண்டு பேர் எழுத்தில் ஒப்புதல் தர வேண்டும், காரணம் பதிவாக வேண்டும், லாக்குகளை (பயன்பாட்டுப் பதிவுகளை) எத்தனை நாள் வைத்து எப்போது அழிப்பீர்கள் என்றும் இருக்க வேண்டும்.

திருத்தி அனுப்பு. நான்கு பக்கத்தைத் தாண்டினால் நேரே ரூட் அண்ணனுக்குத்தான்.

உன்,
பழைய பாவி