லீக்கின் கோவைகளைத் திறந்து வையுங்கள்

இலங்கை உதைபந்தாட்ட சம்மேளனத்தின் நிர்வாகக் குழுவினருக்கும், போட்டிகளை நடத்தும் பிரிவினருக்கும்,

வணக்கம். 1985இல் தொடங்கிய நம் நாட்டின் முதல்தர லீக்கில் இன்றுவரை அதிக கோல் போட்டவர் யார்? எங்கள் திருகோணமலை ஏகாம்பரம் மைதானத்து மதிலில் குந்தியிருந்து ஆட்டம் பார்க்கும் எந்தப் பெடியனிடமும் இங்கிலாந்து பிரீமியர் லீக்கைப் பற்றி இதைக் கேட்டுப் பாருங்கள். அலன் ஷியரர், 260 கோல் என்று மூச்சு விடாமல் சொல்வான். நம் லீக்கைப் பற்றிக் கேட்டால் சிரிப்பான். அவனைக் குறை சொல்ல முடியாது. எங்கே போய்ப் பார்ப்பான்? வெளிநாட்டு ஆர்வலர்கள் கூடி 1994இல் தொடங்கிய ஆர்எஸ்எஸ்எஸ்எப் என்ற புள்ளிவிவர அமைப்பையும் விக்கிப்பீடியாவையும் தட்டிப் பார்க்க வேண்டியதுதான். நம் லீக்கின் கதையைச் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள் இல்லை, நீங்கள். உங்களிடம் இருக்கும் பழைய ஆட்டப் பதிவுகளைப் பொதுவில் போடுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

எந்த வருடம் எந்தக் கழகம் வென்றது என்ற பட்டியல் ஓரளவுக்கு எல்லோருக்கும் தெரியும். 1918இல் பிறந்த சோண்டர்ஸ் கழகம்தான் 1985இன் முதல் சம்பியன். அதிக தடவை வென்றதும் அவர்கள்தான், 12 முறை. அப்புறம் ரினோன், ரட்ணம், புளூ ஸ்டார், இராணுவம், விமானப்படை என்று பெயர்கள் வரும். 2015 தொடக்கம் கொழும்பு எப்சி தொடர்ந்து மூன்று முறை கிண்ணத்தைத் தூக்கியது. இதெல்லாம் பரிசளிப்பு விழாவுக்குப் போதும், லீக்கின் வரலாற்றுக்குப் போதாது. அந்த அணிகளில் ஆடியவர்கள் யார், எதிரணியில் நின்றவர்கள் யார், எந்த நிமிடத்தில் யார் கோல் போட்டார், எந்தக் கழகம் தரமிறங்கியது என்பதெல்லாம் சேர்ந்தால்தான் வரலாறு.

இதில் முதலில் நீங்கள் வாய் திறந்து சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. பிரீமியர் லீக் என்று தொடங்கியது பிறகு சம்பியன்ஸ் லீக் ஆனது. 2021இல் பத்துக் கழகங்களோடு சூப்பர் லீக் வந்தது, களுத்துறை புளூ ஸ்டார் வென்றது. இந்த மூன்றும் ஒரே லீக்கின் தொடர்ச்சியா, அல்லது 2021இலிருந்து புதுக் கணக்கா? இராணுவ அணி டிபெண்டர்ஸ் ஆனது, விமானப்படை புளூ ஈகிள்ஸ் ஆனது. பழைய பெயரில் வென்றவை புதுப் பெயரின் கணக்கில் ஏறுமா? கேட்க அற்பமாகத்தான் இருக்கும். ஆனால் இங்கிலாந்தில் 1992இல் லீக்கின் பெயரும் அமைப்பும் மாறியபோது என்ன நடந்தது? அதற்கு முன்பு முதல்தர லீக்காக இருந்த முதல் பிரிவில் 357 கோல் போட்ட ஜிம்மி கிரீவ்ஸை விட்டுவிட்டு, 260 போட்ட ஷியரரைத்தான் உலகமே சாதனையாளராகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஷியரர் அதற்கு முன்பு சவுதம்டனுக்குப் போட்ட கோல்களும் அந்தக் கணக்கில் இல்லை. பிரேசில் இதற்கு நேர்மாறாகச் செய்தது. 1971இல் லீக் தொடங்குவதற்கு முந்திய தேசியப் போட்டிகளையும் லீக் பட்டங்களாக 2010இல் ஏற்றுக்கொண்டது. பெலே ஆடிய சாண்டோஸ் அணியின் பட்டங்கள் ஒரே நாளில் கூடின. அதைப் பிழை என்று சொல்பவர்களும் உண்டு. பரவாயில்லை, முடிவெடுத்து அறிவித்தார்கள் அல்லவா? நீங்களும் எடுங்கள். என் வாக்கு மூன்றையும் ஒரே தொடராக எண்ணுவதற்குத்தான். பெயரை மாற்றுவது அனுசரணையாளர்களும் நிர்வாகமும் சேர்ந்து செய்யும் வேலை, ஆட்டக்காரன் அதே புல்லில்தான் ஓடுகிறான்.

அதற்கு அடுத்தது விதிகள். சம்பியன்ஸ் லீக்கில் குழுச் சுற்று முடிந்து சூப்பர் 8 சுற்று நடந்த பருவங்கள் உண்டு. இரண்டிலும் போட்ட கோல்களைக் கூட்டுவதா? எதிரணி மைதானத்துக்கு வராவிட்டால் 3-0 என்று வெற்றி கொடுக்கிறீர்கள். அந்த மூன்று கோலும் அணியின் கணக்கில் ஏறும், ஆனால் எந்த ஆட்டக்காரன் பெயரிலும் ஏறக்கூடாது. பாதியில் நின்று மறுநாள் தொடர்ந்த ஆட்டத்தில், முதல் நாள் போட்ட கோலை என்ன செய்வது? மேன்முறையீட்டில் முடிவு மாற்றப்பட்ட ஆட்டத்துக்கு எந்த ஸ்கோர், மைதானத்தில் வந்ததா, மேசையில் வந்ததா? இதையெல்லாம் இரண்டு பக்கத்தில் எழுதி வைத்தால், பட்டியல் போடுகிறவர்கள் ஆளுக்கொரு கணக்குப் போட்டுச் சண்டை பிடிக்க வேண்டியதில்லை.

இதற்குத் தேவையான தாள்கள் உங்களிடம்தான் இருக்க வேண்டும். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்பு இரண்டு அணியும் பெயர்ப் பட்டியல் கொடுக்கின்றன. ஆட்டம் முடிந்ததும் மத்தியஸ்தர் அறிக்கை எழுதுகிறார். யாருக்கு மஞ்சள் அட்டை, யாருக்குச் சிவப்பு, மாற்று ஆட்டக்காரர் எப்போது இறங்கினார் என்பதெல்லாம் அதில் வரும். அவை கொழும்பில் ஏதோ ஓர் அலுமாரியில் கோவைகளாக இருக்கும் என்று நம்புகிறேன். யாரையும் புதிதாக ஆராய்ச்சி செய்யச் சொல்லவில்லை. தாள்களை ஸ்கேன் பண்ணி, பருவம் பருவமாகப் பொதுவில் போடுங்கள். கரையான் தின்றது போக மிச்சம் இருப்பதைப் போட்டாலும் போதும். அடையாள அட்டை இலக்கத்தையும் பிறந்த திகதியையும் மறைத்துவிட்டுப் போடுங்கள், அவை எங்களுக்குத் தேவையில்லை.

திருகோணமலைக்காரனுக்கு இதில் என்ன இவ்வளவு அக்கறை என்று கேட்பீர்கள். அந்த 2021 சூப்பர் லீக்கின் பத்துக் கழகங்களில் ஒன்றுகூட வடக்கையோ கிழக்கையோ சேர்ந்ததல்ல. கடற்படையின் டொக்யார்ட் எங்கள் குடாவில்தான் இருக்கிறது, ஆனாலும் கடற்படையின் சீ ஹோக்ஸ் அணியை எங்கள் அணி என்று இங்கே ஒருவரும் சொல்வதில்லை. கழகங்களின் பட்டியலை மட்டும் வைத்து லீக்கின் வரலாற்றை எழுதினால் அதில் எங்களுக்கு இடமே இருக்காது. ஆட்டக்காரர்களை வைத்து எழுதினால் இருக்கும். திருக்கடலூர், பள்ளத்தோட்டம், கிண்ணியா, மூதூர் மைதானங்களில் வெறுங்காலோடு பழகிய பிள்ளைகள் கொழும்புக் கழகங்களுக்கும் படை அணிகளுக்கும் போய் ஆடியிருக்கிறார்கள். அந்த அணிகளின் பட்டியலில் அவர்கள் வெறும் ஜேர்சி இலக்கம்தான். ஆட்டக்காரரின் பெயருக்குப் பக்கத்தில் சொந்த மாவட்டம், முதல் கழகம் என்று இரண்டு கட்டங்களைச் சேர்த்துப் பாருங்கள். சோண்டர்ஸின் சாதனையில் யாழ்ப்பாணத்துக்கும் மன்னாருக்கும் மட்டக்களப்புக்கும் எங்களுக்கும் எவ்வளவு பங்கு என்பது தானாகத் தெரியவரும். எல்லாம் கொழும்புப் பிள்ளைகள்தான் என்று தெரியவந்தாலும் சரி, அதையும் ஏற்றுக்கொள்கிறோம்.

பெயர்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நம் பெயர்கள் ஆங்கிலத்தில் ஆட்டத்துக்கு ஆட்டம் ஒவ்வொரு விதமாக எழுதப்படுகின்றன. ஒரே பெடியன் மூன்று பேராகி, அவனுடைய கோல்களும் மூன்றாகப் பிரிந்துபோகும். பதிவு இலக்கத்தை வைத்துச் சேர்த்தால் இந்தச் சிக்கல் தீரும். தமிழிலும் சிங்களத்திலும் பெயரை ஒருமுறை சரியாக எழுதி வைத்தால் இன்னும் நல்லது.

எங்கள் பக்கத்துத் தாள்கள் ஏன் குறைவு என்று கொழும்பில் இருப்பவர்களுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும். கிராமத்துக் கழகத்துக்குத் தனியாக அலுவலகம் கிடையாது. செயலாளரின் வீடுதான் அலுவலகம், அவர் வீட்டுக் கண்ணாடி அலுமாரிதான் கிண்ணம் வைக்கும் இடம். 1990இல் போர் மூண்டு சனம் கையில் கிடைத்ததோடு ஓடியபோது கூட்ட அறிக்கைப் புத்தகத்தை யார் தூக்கினார்கள்? 2004 டிசம்பர் 26இல் கிண்ணியாவிலும் மூதூரிலும் கடல் வீட்டுக்குள் வந்தது. 2006இல் மூதூர் சனம் மறுபடி இடம்பெயர்ந்தது. நாட்டின் முதல்தர லீக் பிறந்து வளர்ந்த அதே காலத்தில்தான் இவ்வளவும் நடந்தது. ஆகவே எங்கள் மாவட்டத்து ஆட்டக்காரர்களைப் பற்றிய எழுத்து மிச்சமிருந்தால், அது உங்கள் கோவைகளில்தான் இருக்கும்.

அங்கேயும் இல்லாவிட்டால் வேறு வழிகள் உண்டு. வீரகேசரியும் தினகரனும் மாவட்ட நிருபர்கள் அனுப்பிய முடிவுகளைக் கோல் போட்டவர் பெயரோடு அச்சிட்டிருக்கின்றன. பழைய பத்திரிகைகள் கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் இருக்கின்றன. கழகங்கள் ஆண்டு விழாக்களுக்கு வெளியிட்ட சிறப்பு மலர்கள் பலரின் வீடுகளில் கிடக்கின்றன. அப்படியான வெளியீடுகளை ஸ்கேன் செய்து எல்லோரும் பார்க்க வைக்கும் வேலையை நூலகம் அமைப்பு 2005 தொடக்கம் செய்துவருகிறது. அவர்களோடு ஒரு பேச்சு பேசிப் பாருங்கள்.

இங்கிலாந்தில் லீக் ஆட்டங்கள் தொடங்கியது 1888 செப்டெம்பர் 8ஆம் திகதி. லீக்கின் முதல் கோல் ஆஸ்டன் வில்லாவின் கெர்ஷம் கொக்ஸ் தன் வலைக்குள்ளேயே போட்டது என்றுதான் நெடுங்காலம் எழுதி வந்தார்கள், பாவம். நூறு ஆண்டுக்கும் மேல் கழித்து, அன்றைய பத்திரிகைகளில் ஆட்டங்கள் தொடங்கிய நேரத்தைப் பார்த்தவர்கள் அதைத் திருத்தினார்கள். போல்டனின் கென்னி டேவன்போர்ட் போட்டதுதான் முதல் கோல். பழைய தாள் மிஞ்சியிருந்ததால் ஒரு மனிதரின் பெயரிலிருந்த பழி போனது. நம் லீக்கின் வயது இன்னும் அரை நூற்றாண்டு கூட ஆகவில்லை. 1985இல் ஆடியவர்களில் எத்தனையோ பேர் இன்றும் நம்மோடு இருக்கிறார்கள், கேட்டால் சொல்வார்கள்.

லீக்கே ஒழுங்காக நடக்காத நாட்டில் பழைய கணக்கு எதற்கு என்பார்கள் சிலர். நியாயமான எரிச்சல்தான். 2023 ஜனவரியில் பிபா நம் நாட்டை இடைநிறுத்தியது, ஓகஸ்ட் இறுதியில்தான் தடை நீங்கியது. அந்த மாதங்களில் ஒரு தலைமுறை ஆட்டக்காரர்களுக்கு எவ்வளவு போனது என்று எனக்கும் தெரியும். ஆனால் மாலைதீவுக்கோ பங்களாதேசத்துக்கோ ஆடப் போக நினைக்கும் பெடியனிடம் அங்குள்ள கழகம் முதலில் கேட்பது, எத்தனை ஆட்டம், எத்தனை கோல் என்பதைத்தான். 1980களில் நம் நாட்டு ஆட்டக்காரர் பாக்கீர் அலி டாக்காவின் அபஹானி கழகத்துக்கு ஆடப் போன காலத்தில் ஆளை நேரில் பார்த்தோ வாய்ச்சொல்லை நம்பியோ எடுத்திருப்பார்கள். இன்று அது நடக்காது. சம்மேளனத்தின் பதிவைக் காட்ட முடியாத ஆட்டக்காரன், பேஸ்புக்கில் போட்ட வீடியோவைத்தான் காட்ட வேண்டியிருக்கிறது.

ஆகவே கடைசியாக நடந்த பருவத்திலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போங்கள். 1985இலிருந்து தொடங்கினால் முதல் வருடத்திலேயே சிக்கிக்கொண்டு கைவிட்டுவிடுவீர்கள். கிடைக்காத ஆட்டத்துக்கு நேரே வெற்றிடம் விடுங்கள், ஊகித்து நிரப்ப வேண்டாம். தட்டச்சு செய்யவும் பெயர்களைச் சரிபார்க்கவும் இங்கே பழைய ஆட்டக்காரர்களும் மத்தியஸ்தர்களும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள், அவர்களிடம் நான் பேசுகிறேன். கைவசமுள்ள மலர்களினதும் அணிப் படங்களினதும் பிரதிகளை நாங்கள் தருகிறோம். யாருடைய பெயருக்கு, எந்த வடிவத்தில் அனுப்ப வேண்டும் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
திருகோணமலையிலிருந்து ஓர் உதைபந்தாட்ட ரசிகன்