பெயர் மாறி விற்கப்படும் இரங்கூன் மல்லி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வாசலில் படரவிட மணமுள்ள கொடி வேண்டுமென்று சென்ற ஆண்டு எங்கள் பகுதி நாற்றுப்பண்ணை ஒன்றில் கேட்டபோது, ‘சைனீஸ் ஹனிசக்கிள்’ என்று அட்டை தொங்கிய கன்று ஒன்றை 350 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். குளிர்நாட்டுக் கொடி நம் வெயிலைத் தாங்குமோ என்றஞ்சி நிழல்வலை கட்டி வளர்த்தேன். அது பூத்த மாலையில்தான், என் பாட்டி வீட்டுக் கிணற்றடியில் பந்தலேறிக் கிடந்த இரங்கூன் மல்லியே அது என்று தெரிந்தது. அங்கிருந்து ஒரு பக்கக்கன்றைக் காசில்லாமலே பெயர்த்து வந்திருக்கலாம்.

விற்றவரை முழுக்கக் குறை சொல்வதற்கில்லை. இரங்கூன் மல்லிக்கு ஆங்கிலத்தில் அப்படியொரு பெயரும் வழங்குகிறது. ஆனால் உண்மையான ஹனிசக்கிள் ‘லோனிசெரா’ என்னும் பேரினம். இரங்கூன் மல்லியோ கடுக்காய், மருதம், நாட்டு வாதுமை ஆகியவற்றின் குடும்பம். மல்லிகைக்கும் அது உறவன்று என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தக் கொடிக்குப் பெயர்க் குழப்பம் புதிதுமன்று. 17ஆம் நூற்றாண்டில் இந்தோனேசியாவின் அம்போன் தீவில் வாழ்ந்த தாவர ஆய்வாளர் ரம்ஃபியஸ் இதற்கு வழங்கிய ‘குவிஸ்குவாலிஸ்’ என்னும் இலத்தீன் பெயருக்கே ‘யார்? எப்படிப்பட்டது?’ என்றுதான் பொருள். இன்று தாவரவியலார் இதைக் ‘காம்பிரேட்டம் இண்டிகம்’ என்கிறார்கள்.

குழம்புவதற்குக் காரணமும் உண்டு. ஜப்பானிய ஹனிசக்கிள் வெள்ளையாய் மலர்ந்து மஞ்சளாக மாறுவதால் சீனர்கள் அதைப் பொன்வெள்ளிப் பூ என்று அழைக்கிறார்கள். இரங்கூன் மல்லியும் நிறம் மாறுவதுதான்: அந்தியில் வெள்ளையாக விரிந்து, மறுநாள் இளஞ்சிவப்பாகி, அதற்கடுத்த நாளுக்குள் செக்கச்சிவந்துவிடும். வெள்ளையாய் இருக்கும் முதல் இரவில் நீண்ட உறிஞ்சுகுழல் கொண்ட அந்துப்பூச்சிகளும், நிறம் ஏறிய பிறகு பகலில் தேனீக்களும் தேன்சிட்டுகளும் வருவதால், ஒரே கொத்தில் மூன்று நிறமும் ஒரே வாசலில் இருவேளை விருந்தாளிகளும் காணக் கிடைக்கின்றன.

பெயர் சரியாக இருந்தால்தான் வளர்ப்பும் சரியாக இருக்கும். இரங்கூன் மல்லிக்கு நல்ல வெயில் வேண்டும்; நான் கட்டிய நிழல்வலையால்தான் பூக்கத் தாமதித்தது. முற்றிய தண்டு கட்டையாகிக் கனப்பதால் கயிறும் மூங்கில் பிளாச்சும் தாங்கா, இரும்புக் குழாய்ப் பந்தல்தான் தாங்கும். இலை உதிர்ந்த பின் காம்பின் அடி முள்ளாக நின்றுவிடுவதால் குழந்தைகள் புழங்கும் நடையோரத்தில் நடக்கூடாது. புதுத் தளிரில் பூப்பதால், பூ ஓய்ந்ததும் கவாத்து செய்ய வேண்டும். மாடியில் சிறு தொட்டி மட்டுமே வைக்க இடமுள்ளவர்களுக்கு முல்லையே போதும். அதற்கு மெல்லிய கொழுகொம்பு போதுமானது.

ஆகவே, அரசுத் தோட்டக்கலைப் பண்ணைகளும் தனியார் நாற்றுப்பண்ணைகளும் ஒவ்வொரு கன்றின் அட்டையிலும் தமிழ்ப் பெயரையும் தாவரவியல் பெயரையும் எழுதித் தொங்கவிட வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். விலையை மட்டும் கொட்டை எழுத்தில் போட இடமிருக்கும் அட்டையில் இந்த இரண்டு வரிக்கும் இடமிருக்கும்.

தங்கள் நெடுநாள் வாசகர்,
மன்னார்குடி