நிழல் மறைவது 12 மணிக்கு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

ஏப்ரல் பிறந்தால் 'நிழலில்லா நாள்' செய்தி வந்துவிடுகிறது; அதாவது, உச்சிப்பொழுதில் சூரியன் நேர் தலைக்கு மேல் வந்து, நிமிர்ந்து நிற்கும் பொருளின் நிழல் மறையும் நாள். தேதி பெரும்பாலும் சரியாகவே இருக்கும். நேரத்தைத்தான் 'நண்பகல் 12 மணி' என்று பொத்தாம்பொதுவாகப் போட்டுவிடுகிறார்கள். சென்னையில் ஏப்ரல் 24 வாக்கில் சூரியன் உச்சிக்கு வருவது 12.07-க்கு. இரண்டாம் முறை, ஆகஸ்ட் 18 வாக்கில், 12.13-க்கு. கோவையில் ஏப்ரல் 18 அல்லது 19, கன்னியாகுமரியில் ஏப்ரல் 10 வாக்கில்; இரண்டு ஊரிலும் மணி ஏறக்குறைய 12.21.

இந்தியக் கடிகாரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு வைத்தது. அங்கிருந்து மேற்கே ஒரு டிகிரிக்கு 4 நிமிடம் உச்சிப்பொழுது தள்ளிப்போகும். 80.27 டிகிரியில் இருக்கும் சென்னைக்கு அப்படி 9 நிமிடம். பூமியின் அச்சுச் சாய்வாலும் நீள்வட்டப் பாதையாலும் ஏப்ரல் கடைசியில் சூரியன் 2 நிமிடம் முந்தும், ஆகஸ்ட் நடுவில் 4 நிமிடம் பிந்தும்.

ஏழு நிமிடத்தில் என்ன வந்துவிடப்போகிறது என்று தோன்றலாம். ஒரு மீட்டர் கம்பியை நட்டால் நிழல் நிமிடத்துக்கு 4 மி.மீ. நகர்கிறது. சென்னையில் ஏப்ரலில் 12 மணிக்குப் பார்த்தால் மேற்கே 3 செ.மீ. நிழல் பளிச்சென்று கிடக்கும். பள்ளி மைதானத்தில் கூடிய பிள்ளைகள் 'எங்கே மறைஞ்சுது?' என்று கேட்டுவிட்டு வகுப்புக்குத் திரும்பிவிடுவார்கள். ஆனால் ஒரு நாள் முன்பின் பார்த்தால் வித்தியாசம் 6 மி.மீ.தான். சூரியன் புள்ளி அல்ல, அரை டிகிரி அகலத் தட்டு. அதனால் அந்தக் கம்பி முனையின் நிழல் ஓரமே 9 மி.மீ. அளவுக்கு மங்கலாகத்தான் விழும். அந்த மங்கலில் 6 மி.மீ. தெரியவே தெரியாது. தேதிக்குக் கொடுக்கும் கவனத்தை நிமிடத்துக்குக் கொடுக்கலாம்.

கம்பி ஒரு டிகிரி சாய்ந்தாலும் 17 மி.மீ. நிழல் விழும். கண்மதிப்பு போதாது; கொத்தனாரின் தூக்குக்குண்டைக் கட்டிப் பார்க்க வேண்டும். தரைக்கு ரசமட்டம் வைக்க வேண்டும். டம்ளரை வைத்துச் சோதிப்பது வீண் வேலை: வாய் அகன்ற டம்ளர், சூரியன் நேர் உச்சியில் இருந்தாலும் அடியைச் சுற்றி நிழல் காட்டும், கவிழ்த்து வைத்தால் பல நாட்களுக்கு உச்சி நிழலே காட்டாது. மேலும் கீழும் ஒரே அகலமுள்ள பிவிசி குழாய்த் துண்டுதான் நல்லது. அதை நிமிர்த்தி வைத்தால் அந்த நிமிடத்தில் வெயில் உள்ளே அடிவரை இறங்கித் தரையில் முழு வட்டமாக விழும். அதைப் படம் எடுப்பதும் எளிது.

உங்கள் நாளிதழில் தினமும் வரும் சூரிய உதய, மறைவு நேரத்திலிருந்தே உச்சி நேரத்தைக் கண்டுபிடிக்கலாம். உதயம் காலை 5.53, மறைவு மாலை 6.22 என்றால், இரண்டுக்கும் நடுப்பொழுது 12.07½. ஆனால் அது சென்னைக்கு. கோவை வாசகர் அதோடு 13 நிமிடம் கூட்டியாக வேண்டும். அடுத்த முறை இந்தச் செய்தி வரும்போது அந்தந்தப் பதிப்பில் அந்த ஊரின் தேதியையும் நிமிடத்தையும் போடுங்கள். ஏப்ரலில் தவறவிட்டவர்களுக்காக ஆகஸ்ட் தேதியையும் சேர்த்துப் போட்டால் நல்லது. அப்போது மேகம் வழிவிட வேண்டும், அவ்வளவுதான்.

இப்படிக்கு,
வாசகர், சென்னை