சம்பளம் வராதவரிடமே செலவையும் கேட்பதா? ஃபிபாவுக்கு ஒரு திறந்த மடல்

சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம்.

உங்கள் மத்தியஸ்தத் தீர்ப்பாயம் கொடுக்கும் தீர்ப்புகளை நீங்களே இணையத்தில் போட்டு வைத்திருக்கிறீர்கள். மேட்ச் பார்க்கிற நேரம் போக அவற்றையும் எடுத்துப் படிக்கிற ரசிகன் நான். நாலைந்து படித்தாலே அடுத்ததன் போக்கு பிடிபட்டுவிடும். வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒரு சீசனுக்குக் கையெழுத்துப் போடுகிறார். முதலில் பணம் ஒழுங்காக வருகிறது. பிறகு பாதி வருகிறது. பிறகு வாக்குறுதி மட்டும் வருகிறது. அப்புறம் வழக்கு. பல வழக்குகளில் கிளப் பதில் மனுவே போடுவதில்லை. ஆட்டக்காரர் ஜெயிக்கிறார். ஜெயித்த பணம் கைக்கு வருமா என்பது தனிக் கதை.

அந்தத் தீர்ப்புகளில் திரும்பத் திரும்ப வரும் ஒரு விவரத்தைப் பற்றித்தான் இந்த மடல். வழக்கு நடத்தும் செலவுக்காக இரு தரப்பிடமும் முன்பணம் கேட்கிறீர்கள். கிளப் தன் பங்கைக் கட்டாமல் சும்மா இருந்தால், வழக்கு நகர வேண்டும் என்பதற்காக அந்தப் பங்கையும் ஆட்டக்காரரே கட்டுகிறார். சம்பளம் வராததால் உங்களிடம் வந்தவர், சம்பளம் தராதவரின் செலவையும் சேர்த்துச் சுமக்கிறார். தீர்ப்பில் அதைத் திருப்பித் தரச் சொல்கிறீர்கள், சரி. ஆனால் யாரை? ஏற்கெனவே கடன் வைத்திருக்கும் அதே கிளப்பை.

ஊர் ஊராகப் போய் ஆடுகிறவர் என்றதும் பலருக்கும் அமெரிக்காவின் பெரிய லீக்கான என்பிஏதான் ஞாபகம் வரும். இஷ் ஸ்மித் 13 அணிகளுக்கு ஆடினார். அங்கே அது சாதனை. அணிகள் வரிசையாகப் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2010-இல் யாரும் எடுக்காத அந்த ஆள் 2023-இல் டென்வர் அணியில் சாம்பியன் ஆனார். அந்த வாழ்க்கையும் சுலபமானதில்லை. ஆனாலும் அங்கே ஒரு தரை இருக்கிறது. ஆட்டக்காரர் சங்கம் இருக்கிறது, அது லீக்கோடு போட்ட கூட்டு ஒப்பந்தம் இருக்கிறது, மூன்று சீசன் சேவை இருந்தால் ஓய்வூதிய உரிமை இருக்கிறது. ஜனவரியில் பத்து நாள் ஒப்பந்தத்தில் வந்து பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டுப் போகிறவருக்கும் அந்தப் பத்து நாளுக்கான பணம் உண்டு.

அந்தத் தரைக்கு வெளியே இருப்பவர்கள் உங்கள் ஆட்கள். பி.ஜே. டக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். 2006 டிராஃப்டில் என்பிஏ அணியான டொராண்டோ இரண்டாம் சுற்றில் எடுத்தது. ஒரு சீசன் முடிவதற்குள் விட்டுவிட்டது. அதன் பிறகு இஸ்ரேல், உக்ரைன், கிரீஸ், இத்தாலி, ஜெர்மனி. 2008-இல் ஹப்போயல் ஹோலோனோடு இஸ்ரேல் லீக் பட்டம். 2012-இல் பாம்பெர்கோடு ஜெர்மன் பட்டம். அந்த வருடமே என்பிஏவிலிருந்து பீனிக்ஸ் அணி கூப்பிட்டது. 2021-இல் மில்வாக்கியோடு என்பிஏ சாம்பியன். எல்லோரும் சொல்ல ஆசைப்படுகிற கதை இது. டக்கரின் அந்த நடுவில் வந்த வருடங்களையே பதினைந்து வருடம் வாழ்ந்துவிட்டு, எந்தப் பீனிக்ஸும் கூப்பிடாமல் ஓய்வு பெறுகிறவர்கள்தான் அதிகம். அவர்கள் பெயர் ஒரு லீக்கின் பழைய புள்ளி அட்டவணையில் கிடக்கும், உங்கள் தீர்ப்புகளின் முதல் பக்கத்தில் கிடக்கும். வேறு எங்கும் பார்க்க முடியாது.

அவர்களுடைய ஒப்பந்தம் பெரும்பாலும் ஒரு சீசனுக்குத்தான். வந்து இறங்கியதும் மருத்துவப் பரிசோதனை. அதில் தேறினால்தான் ஒப்பந்தம் செல்லும். வெளிநாட்டவர் இத்தனை பேர்தான் என்று பல லீக்குகளில் வரம்பு உண்டு. அதனால் அணி நாலு மேட்ச் தோற்றால் முதலில் கத்தி விழுவது அவர் கழுத்தில்தான். உள்ளூர் ஆட்டக்காரர் மோசமாக ஆடினால் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். வெளிநாட்டவர் மோசமாக ஆடினால் ஏஜெண்டுக்குப் போன் போகும்.

அதைவிட முக்கியம், அவர் தங்கியிருக்கும் வீடு கிளப் கொடுத்தது. ஓட்டும் கார் கிளப் கொடுத்தது. ஊருக்குத் திரும்பும் டிக்கெட்டும் கிளப் எடுத்துத் தர வேண்டியது. மனைவி, குழந்தைகள் கூட வந்திருந்தால் அவர்களும் அந்த வீட்டில்தான். இந்த நிலையில் இருப்பவர் மூன்று மாத பாக்கிக்காகக் கிளப்போடு சண்டைக்குப் போனால், அன்றே வீட்டுச் சாவியைப் பற்றிப் பேச்சு வரும். வேறு எந்த வேலையில் முதலாளியோடு வழக்காடுகிறவர் அதே முதலாளியின் வீட்டில் படுத்துத் தூங்க வேண்டியிருக்கிறது?

விட்டுவிட்டு வேறு நாட்டில் சேரலாம் என்றால் உங்கள் விடுவிப்புக் கடிதம் வேண்டும். பழைய நாட்டின் சம்மேளனம் அதைக் கொடுத்தால்தான் புதிய நாட்டில் பதிவு செய்ய முடியும். சீசன் நடுவே பதிவு மூடும் தேதி நெருங்கும்போது ஒவ்வொரு நாளும் காசு. கிளப்புகளுக்கு இது நன்றாகத் தெரியும். 'பாக்கியை விட்டுக்கொடு, கடிதத்துக்குத் தடை சொல்ல மாட்டோம்' என்ற பேரம் இங்கேதான் நடக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறவர் உங்கள் தீர்ப்பாயத்தின் வாசலுக்கே வருவதில்லை. அதனால் உங்களிடம் வரும் வழக்குகளை மட்டும் எண்ணி நிலைமையை அளக்காதீர்கள்.

உங்கள் தீர்ப்பாயத்தை நான் குறை சொல்ல வரவில்லை. 2007-இல் நீங்கள் அதை ஆரம்பித்தபோது வேறு பல விளையாட்டுகளில் இப்படி ஒன்று இல்லை. அதற்கு முன்னால் ஆட்டக்காரர் அந்தந்த நாட்டு நீதிமன்றத்தில், தெரியாத மொழியில், வருடக்கணக்கில் அலைய வேண்டியிருந்தது. இப்போது ஒரே மத்தியஸ்தர், ஆங்கிலத்தில் வழக்கு, பெரும்பாலும் எழுத்து மூலமாகவே விசாரணை. சட்டப் பிரிவுகளில் தலையை நுழைக்காமல் நியாயம் எது என்று பார்த்துத் தீர்ப்பு. தீர்ப்பை மதிக்காத கிளப் புதிய ஆட்டக்காரர்களைப் பதிவு செய்ய முடியாதபடி தடை போடும் அதிகாரமும் உங்களிடம் இருக்கிறது. எனக்குத் தெரிந்து கிளப்புகள் உண்மையாகப் பயப்படுவது இந்த ஒன்றுக்குத்தான்.

ஆனால் அந்தப் பயம் கடைசியில் வருகிறது. வழக்குச் செலவு முதலில் வருகிறது. பெரிய லீக்கில் ஆடுகிறவருக்கு அந்த முன்பணம் ஒரு பொருட்டில்லை. இரண்டாம் பிரிவில் மாதச் சம்பளத்தை நம்பி ஆடுகிறவருக்கு, அதுவும் அந்தச் சம்பளம் நின்றுபோன சமயத்தில், அது வழக்கே வேண்டாம் என்று விட்டுவிட வைக்கிற தொகை. பாக்கி சின்னதாக இருந்தால் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு அடுத்த விமானம் ஏறிவிடுவார். கிளப்பும் அந்தக் கணக்கைப் போட்டுத்தான் வைத்திருக்கும்.

அதனால் நான் கேட்பது இதுதான். கிளப் தன் பங்கு முன்பணத்தைக் கட்டத் தவறினால் அதை நீங்கள் போடுங்கள். அதற்கென்று ஒரு நிதியை ஒதுக்குங்கள். பிறகு அந்தக் கிளப்பிடம் வசூலிப்பது உங்கள் பாடு. பணம் கட்டும் வரை பதிவுத் தடை போட உங்களால் முடியும். நாடு விட்டு நாடு போய்விட்ட தனி மனிதரால் முடியாது. நிதிக்குப் பணம் எங்கே என்று கேட்பீர்கள். எல்லைதாண்டி ஆட்டக்காரர்களை எடுக்கிற கிளப்புகளிடமிருந்து ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் சின்னத் தொகை வாங்கினால் போதும். ஒழுங்காகச் சம்பளம் கொடுக்கும் கிளப்புகள் முணுமுணுக்கும். பணம் தராத போட்டியாளர் தங்களைவிட நல்ல ஆட்டக்காரரைக் கடனில் எடுத்து ஜெயிப்பதைப் பார்த்தவர்களும் அவர்கள்தான், எனவே ரொம்ப நேரம் முணுமுணுக்க மாட்டார்கள்.

சின்னக் கிளப்புகள் ஒரே ஸ்பான்சரை நம்பி இருக்கின்றன, அவர் போனால் என்ன செய்வார்கள் என்ற வாதம் எனக்கும் தெரியும். பிரான்ஸிலும் ஜெர்மனியிலும் சீசனுக்கு முன்பே கிளப்பின் கணக்கைப் பார்க்கிறார்கள். கையில் இல்லாத பணத்துக்கு ஆள் எடுக்கக் கூடாது என்பது அங்கே விதி; வேறு பல இடங்களில் அது கிளப்பின் நல்ல மனசு. ஏற்கெனவே ஒருமுறை பதிவுத் தடை வாங்கிய கிளப்பிடமாவது, அடுத்த வெளிநாட்டவரைப் பதிவு செய்யும் முன் இரண்டு மாதச் சம்பளத்துக்கு வங்கி உத்தரவாதம் கேளுங்கள். அவர் அந்த ஊரில் இறங்கி மருத்துவப் பரிசோதனைக்குப் போகும்போது, கிளப்புக்கும் ஒரு பரிசோதனை நடக்கட்டும்.

கோடை வந்தால் ஒப்பந்தங்கள் கையெழுத்தாகத் தொடங்கும். ஆகஸ்டில் பலரும் பெட்டியோடு ஏதோ ஒரு விமான நிலையத்தில் இறங்குவார்கள். முன்பண விதியை மட்டுமாவது அதற்குள் மாற்ற முடியுமா என்று பாருங்கள். முடியாது என்றால் ஏன் முடியாது என்பதை, தீர்ப்புகளைப் போட்டிருக்கும் அதே இடத்தில் எழுதி வையுங்கள். படிக்க நான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தீர்ப்புகளைப் படிக்கும் ஒரு ரசிகன்