வீடு தேடி வந்தவர்களுக்கு

எங்கள் துணை சுகாதார நிலையத்து நர்சம்மாவுக்கும், ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் எங்கள் ஊருக்கு வரும் தங்கச்சிக்கும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கும் அத்தனை பேருக்கும் வணக்கம்.

கமுதிப் பக்கம் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிற குடும்பம் எங்களுடையது. கருவேலங்கட்டையை அடுக்கி, மண்ணைப் பூசித் தீ வைத்துவிட்டால், வெந்து முடிகிற வரைக்கும் மூட்டத்தை விட்டு நகர முடியாது. ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய கூலி போச்சு. அதனால் உடம்பு சாய்ந்த பிறகுதான் போவோம். என் அப்பாவுக்கு பிரஷர் இருந்ததே, அவருக்குக் கை கால் விழுந்த அன்றுதான் எங்களுக்குத் தெரியும். அவரைக் காப்பாற்ற முடியவில்லை.

2021 ஆகஸ்ட்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் இந்தத் திட்டத்தைத் தொடங்கியதை டிவியில் பார்த்தபோது, நம்ம ஊருக்கு இதெல்லாம் எங்கே வரப்போகிறது என்றுதான் நினைத்தேன். வந்தது. தங்கச்சி, உன் தோளில் ஒரு பை. அதில் பிரஷர் மெஷின், விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கிற கருவி, ஒரு நோட்டு. பார்த்ததில் என் அம்மாவுக்கு இரண்டுமே இருந்தது. ஒரு தலைவலிகூடச் சொன்னதில்லை அவள்.

மாத்திரை கொடுத்தும் சில மாதம் சர்க்கரை இறங்கவே இல்லை. நீ சத்தம் போடவில்லை. “மாத்திரை அட்டையக் காட்டுங்க பெரியாத்தா” என்று மட்டும் கேட்டாய். அரிசி டப்பாவுக்குள்ளிருந்து அம்மா ஒரு துணிப்பையை எடுத்தாள். பாதி பாதியாக உடைத்துத் தின்றுவிட்டு, மிச்சத்தையெல்லாம் சேர்த்து வைத்திருந்தாள். “தீந்துபோச்சுன்னா யாருத்தா வாங்கித் தருவா?” என்றாள். ஒரே வீட்டில் இருக்கிற எனக்கு அதுவரை தெரியாது. நீ தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, “தீரட்டும் பெரியாத்தா. தீர்றதுக்கு முந்தி நான் வந்துருவேன்” என்றாய்.

வந்தாய். ஐப்பசி மழையில் கண்மாய்க்கரை சேறாகிக் கிடந்தபோது, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாய். அம்மா இப்போது முழு மாத்திரை போடுகிறாள்.

இந்தத் திட்டத்துக்கு 2024-ல் ஐ.நா. விருது கிடைத்தது. அதில் பெரிய பங்கு, அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக நடந்த பெண்களுக்குத்தான். உங்களுக்குக் கொடுப்பதைச் சம்பளம் என்றுகூடச் சொல்வதில்லை, ஊக்கத்தொகை என்கிறார்கள். அதைக் கூட்டிக் கொடுக்க வேண்டும். நன்றி சொல்கிற கடிதத்தில் இதையும் சொல்லாமல் விட எனக்கு மனசு வரவில்லை.

நர்சம்மா, சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. அத்தனை பேரில், மாசமாக இருந்த என் மகள் சத்து மாத்திரையைப் போடாமல் ஒளித்து வைப்பதை நீங்கள் எப்படிக் கண்டுபிடித்தீர்களோ! குமட்டுகிறது என்றாள். “ராத்திரி சாப்பிட்ட பிறகு போடு, டீயோட சேர்க்காதே” என்றீர்கள். அப்படியும் ரத்தம் ஏறாததால், நீங்களே கூட்டிப்போய் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து ஊசி ஏற்ற வைத்தீர்கள். குழந்தையும் அங்கேதான் பிறந்தது, விடியக்காலை மூன்று மணிக்கு. ஒன்றரை மாதத்தில் புதன்கிழமை தடுப்பூசி போட்ட அன்று ராத்திரி, காய்ச்சல் இருக்கிறதா என்று போன் பண்ணிக் கேட்டீர்கள். எங்கள் சொந்தக்காரர்களில் ஒருவரும் அன்று கேட்கவில்லை.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது என்று மாத்திரைக் கவரில் சூரியனும் நிலாவும் வரைந்து கொடுத்த மருந்தாளுநர் ஐயாவுக்கும், பிரசவ அறைக்கு வெளியே விடிய விடிய உட்கார்ந்திருந்த எனக்கு வெந்நீர் கொண்டுவந்து தந்த துப்புரவுப் பணியாளர் அக்காவுக்கும், பெயர் கேட்க மறந்துபோன 108 வண்டிக்காரத் தம்பிக்கும் கைகூப்புகிறேன்.

இதை எழுதுகிறேன் என்றதும் அம்மா ஒன்று சொல்லச் சொன்னாள். தங்கச்சி, இத்தனை வருஷத்தில் நீ எங்கள் வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டதில்லையாம். அடுத்த தடவை வரும்போது கம்பங்கூழும் மோர் மிளகாயும் இருக்கும். பையை இறக்கி வைத்துவிட்டு, இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டுமாம்.

அன்புடன்,
கமுதி வட்டாரத்திலிருந்து ஒரு மகள்